ஏழாவது வீடியோவின் கடைசி வரி

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், உன் அப்பா, உன் அக்கா, அவள் மகள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மாடி ஜன்னலில் குடிவந்திருக்கும் புறாவும் சௌக்கியம், மூன்றாவது முறையாக முட்டை வைத்துவிட்டு எங்களையே முறைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே உன் உடம்பும், உன் முதுகுவலியும், நீ சமைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அந்த ஏதோ ஒன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு நடுவில் மீட்டிங் வந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார். முதல் வரிக்குத் தலை இல்லாமல் வந்தால் ஆச்சரியப்படாதே, அவர் படம் எடுக்கும் லட்சணத்தைப் பற்றிக் கீழே நிறைய எழுதப் போகிறேன்.

அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அதனால் அவள் பேசுவதில் பாதி காற்று. அக்கா வேலை மாறலாமா வேண்டாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டே இருக்கிறாள், நீயாவது ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் எதிர்த்துத்தான் செய்வாள். குளியலறைக் குழாயைச் சரி செய்கிறேன் பேர்வழி என்று அப்பா நேற்று மொத்த வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டார். இதெல்லாம் சும்மா. உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் வேறு, அது வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டிய விஷயம், அதில் நீ செய்த திருட்டுத்தனம் ஒன்றும் இருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் போனில் சொன்னபோது நீ பாதிதான் கேட்டிருப்பாய், மீதிக்கு "ம்" போட்டிருப்பாய்.

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத் பிரிவுக்கு இந்த வருடம் முப்பத்தொரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேருக்குக் காது கேட்பதில் சிரமம். இரண்டு பையன்களுக்குக் கருவி வைத்தால் பாதி கேட்கும். மூன்றாவது ஒரு பெண், அவளுக்குச் சுத்தமாகக் கேட்காது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டு மஞ்சள் சீட்டு வைத்திருப்பாள், கேட்க வேண்டியதையெல்லாம் எழுதி நம் கையில் திணிப்பாள், அதனால் வகுப்பு முழுக்க அவளுக்குத் துண்டுச்சீட்டு என்று பெயர். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய், சீட்டின் அடியில் அதையே கையெழுத்தாகப் போடுகிறாள். பிரின்சிபாலை உனக்கு நினைவிருக்கும், எதைக் கேட்டாலும் கட்டம் போட்ட படிவம் ஒன்றை நீட்டுவாரே, அவரேதான். அவருக்குப் பயம். லேத் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை, சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் ஆபத்தைக் கண்டுபிடிக்கிறோம், காது கேட்காத பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் எரிச்சல். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் எடுக்கும் பன்னிரண்டு பாட வீடியோக்களுக்கும் முழுதாகச் சப்டைட்டில் போட வேண்டும், சொன்னது எல்லாமே எழுத்தில் இருக்கிறது என்று அந்த மூன்று பேரும் ஒவ்வொரு வீடியோவுக்கும் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மூவரும் லேத்தில் தொடரலாம். போடாவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து மூவரும் தட்டச்சுப் பிரிவு. துண்டுச்சீட்டிடம் இதைச் சொன்னபோது அவள் எழுதிக் கொடுத்தது, "தட்டச்சில் விரல் நுனிக்கு மட்டும்தான் வேலை. எனக்கு இரண்டு கை இருக்கிறது." அந்தச் சீட்டை நான் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் தானாகவே எழுதிக் கொடுக்கும் என்றார்கள், கொடுத்தது, படித்துப் பார்த்தால் நான் ஏதோ துணி துவைப்பதைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், என் மகன் இருக்கிறான், அவன் உட்கார்ந்து எழுதித் தருவான் என்று சொல்லிவிட்டேன். நீயும் தட்டாமல் ஒப்புக்கொண்டாய். ராத்திரி பகல் பாராமல் பன்னிரண்டையும் எழுதி அனுப்பினாய், அதற்கு என் தங்கம் என்று உன்னைக் கொஞ்சத்தான் வேண்டும், கொஞ்சிவிட்டேன் என்று வைத்துக்கொள். இனிமேல் திட்டு.

முதல் திட்டு உனக்கில்லை, உன் அப்பாவுக்கு. பென்ஷன் வாங்கும் மனிதர் சும்மாதானே இருக்கிறார் என்று கேமராவை அவர் கையில் கொடுத்தேன். முதல் நான்கு வீடியோவில் என் கழுத்துக்கு மேலே எதுவுமே இல்லை. கேட்டால், "பாடம் லேத்தப் பத்தியா, உன் மூஞ்சியப் பத்தியா?" என்கிறார். துண்டுச்சீட்டு அவரிடமே நேராகப் போய் ஒரு சீட்டைக் கொடுத்தாள், "வாய் தெரிந்தால்தான் எனக்குப் பாதியாவது புரியும். மேடத்துக்குத் தலை வேண்டும்." அவருக்கு ரோஷம் வந்து இரண்டு நாள் கேமராவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் முக்காலியை உயர்த்தி, என் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் விட்டு, இப்போது திருப்தியா என்று அவளைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். அன்றிலிருந்து இரண்டு பேரும் கூட்டாளிகள், என்னைப் பற்றி இருவரும் சீட்டில் என்னவோ எழுதிச் சிரித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது உனக்கு. இரும்பைக் கவ்விச் சுற்றும் சக்கில் சாவியை மறந்து வைத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்று மூன்றாவது பாடத்தில் நான் சொல்வேன் இல்லையா, அங்கே நான் சொன்னது, "சாவிய அங்கயே விட்டுட்டு சுவிட்சப் போட்டீங்கன்னா அது பறந்துபோய் நம்ம பிரின்சிபால் மேசையில உக்காந்துக்கும், அப்புறம் அதத் திரும்ப வாங்க மூணு படிவம் நிரப்பணும்." வகுப்பே கொல்லென்று சிரிக்கிறது. அங்கே நீ என்ன எழுதி வைத்திருக்கிறாய்? "மாணவர்களே, பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடியுங்கள்." நான் எப்போதடா அப்படிப் பேசினேன்? என் வாயில் அந்த மாதிரி ஒரு வாக்கியம் நுழையுமா? அம்மா மரியாதையாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தாயாக்கும். துண்டுச்சீட்டு எழுதினாள், "எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் பாதுகாப்பு விதிகள்." எனக்குச் சுருக்கென்றது. என் வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சிரிப்பு வரும், பாடம் அந்தச் சிரிப்போடு சேர்ந்துதான் மண்டையில் ஏறும், இந்த மூன்று பேருக்கு மட்டும் நீ சிரிப்பை வடிகட்டிவிட்டுச் சக்கையைக் கொடுத்திருக்கிறாய். அப்புறம் நீ எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தாய், அது வரைக்கும் நல்ல பிள்ளைதான்.

அடுத்ததில் குற்றவாளி நானே. ஒரு சின்னத் தேர்வு வைத்தேன், ஆபத்தான சத்தம் வந்தால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. துண்டுச்சீட்டின் விடை, "பக்கத்தில் இருப்பவரிடம், சத்தம் வருகிறதா என்று கேட்பேன்." குறும்பு செய்கிறாள் என்று முட்டை மார்க் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் அந்தப் பாடத்தின் வீடியோவை எடுத்து, சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு, என்னை நானே பார்த்தேன். திரையில் நான் விரலை நீட்டுகிறேன், புருவத்தைத் தூக்குகிறேன், கீழே வரி ஓடுகிறது, "கேக்குதா? இந்தச் சத்தத்த நல்லா மனசுல வெச்சுக்கோங்க. இது வந்தா உடனே நிறுத்தணும்." அதற்குக் கீழே நீ "(இயந்திரச் சத்தம்)" என்று போட்டிருக்கிறாய். எந்தச் சத்தம்? அது எப்படி இருக்கும்? ஒன்றுமே இல்லை. அவள் எழுதிய விடைதான் சரி, அந்த வீடியோவைப் பார்த்தவள் வேறு என்ன எழுத முடியும். மறுநாள் முதல் வேலையாக முட்டையை அடித்துவிட்டு முழு மார்க் போட்டேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி என்றாள் அக்கா. உன் அம்மா என்னைக் கூப்பிடுகிற மாதிரி என்றார் அப்பா, அவரை அப்புறம் கவனித்துக்கொண்டேன். தகரத்தை இழுக்கும் சத்தமும் அவளுக்குத் தெரியாதே என்று எனக்கு உறைக்கவே ஒரு நாள் ஆயிற்று. பிறகு அவளையே லேத்துக்கு அழைத்துப் போய், வேண்டுமென்றே இரும்பைச் சீவும் டூலை நீளமாக வெளியே விட்டுக் கட்டி ஓட்டினேன். சுழலும் இரும்பிலிருந்து தள்ளி, இயந்திரத்தின் கடைசிப் பக்கம் அவள் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். டூல் நடுங்க ஆரம்பித்ததும் அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. நிறுத்திவிட்டு இரும்பைக் காட்டினேன், மேலே வரி வரியாகக் கோடு விழுந்திருந்தது. அதைத்தான் உன்னிடம் எழுதச் சொன்னேன், "டூல் நடுங்குகிறது, இயந்திரத்தில் கை வைத்தால் அதிர்வு தெரியும், இரும்பில் வரி வரியாகக் கோடு விழும்" என்று. அது வந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு தடியன், காது இரண்டும் யானைக்காது அவனுக்கு, எழுந்து சொல்கிறான், "மேடம், இப்பதான் எனக்கும் புரிஞ்சுது. எட்டு மெஷின் ஓடுற எடத்துல நீங்க கேக்குதான்னு கேட்டா எங்களுக்கு என்ன கேக்கும்? நீங்க திட்டுவீங்கன்னு கேக்குதுன்னு சொன்னோம்." சுற்றிலும் எல்லாத் தலையும் ஆடுகிறது. இருபத்தி இரண்டு வருடமாக நான் கேட்குதா கேட்குதா என்று கேட்டிருக்கிறேன், இருபத்தி இரண்டு வருடமாகப் பிள்ளைகள் கேட்குது மேடம் என்று என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். இப்போது முப்பத்தொரு பேரும் சப்டைட்டில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இனி உன் திருட்டுத்தனத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை மூன்று பேரும் கையெழுத்துப் போட உட்கார்ந்தார்கள். பையன்கள் இருவரும் மளமளவென்று போட்டுவிட்டார்கள். துண்டுச்சீட்டு பதினொன்றுக்குப் போட்டாள், ஏழாவது வீடியோவின் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்குச் சீட்டு வந்தது. "கடைசி நிமிடத்தில் 'பேச்சு தெளிவாக இல்லை' என்று போட்டிருக்கிறது. தெளிவாக இருக்கிறது. மேடம் வாய் நன்றாகத் தெரிகிறது. 'வர மாட்டான்' வரைக்கும் படித்துவிட்டேன். அப்புறம் மேடம் திரும்பிவிட்டார்." நான் விழித்தேன். அன்று பாடம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு அப்பா கேமராவை அணைக்காமல் டீ குடிக்கப் போயிருக்கிறார், நான் லேத்தைத் துடைத்துக்கொண்டே என்னவோ பேசியிருக்கிறேன், அவ்வளவுதான் எனக்கு நினைவு. பிரின்சிபால் அவளிடம் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார், "ஒரு வரிதானம்மா, அது பாடமே இல்ல, விட்டுடேன்." அவள் நிதானமாக எழுதினாள், "பாடமா இல்லையா என்று மற்றவர்கள் கேட்டுவிட்டு முடிவு செய்கிறார்கள். நானும் படித்துவிட்டு முடிவு செய்கிறேன்." பிரின்சிபால் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். படிவங்களோடு படிவமாக அதையும் கோப்பில் வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை பத்து மணி, முழுசா வரணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் அப்பா அந்த நிமிடத்தை வெட்டிவிடலாம் என்றார். எதை வெட்டுவது, மற்ற இருபத்தெட்டு பேரும் அதை ஏற்கெனவே கேட்டாயிற்று. மூன்று வாரமாக வகுப்பில் எனக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்று இப்போதுதான் விளங்குகிறது. கேட்காமலேயே தரையைக் கூட்டுகிறார்கள், ஒருத்தி எனக்கு நாற்காலி போடுகிறாள், அந்த யானைக்காதுத் தடியன் போன வாரம் தயங்கித் தயங்கி, "மேடம், உங்க பையன் போன் பண்ணாரா?" என்று கேட்டான். இவனுக்கு எதற்கு இந்த அக்கறை என்று நான் அதட்டி அனுப்பினேன், பாவம்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு என்று எழுதினால் சோகமாக இருக்கும், நிஜத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வாயில் சோற்றோடு, அக்காவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். லேத்திடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "இந்த வருஷமும் அவன் வர மாட்டான். வரேன் வரேன்னு சொல்லுவான், நானும் நம்பின மாதிரியே இருப்பேன். உனக்காவது எண்ணெய் போட்டா சத்தம் நிக்குது." அவ்வளவுதான். கணீரென்று கேட்கிறது. முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது, வகுப்பே கேட்டுவிட்டதே என்று. பிறகு உன்மேல் கோபம் வந்தது. பிறகு இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தேன். நான் முதல் எழுத்தைச் சொல்லும்போது உன் "பேச்சு தெளிவாக இல்லை" திரையில் வருகிறது, கடைசி எழுத்தை முடித்ததும் போகிறது, ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. தெளிவில்லாத பேச்சுக்கு யாரும் அப்படி அளந்து வைக்க முடியாது. நீ அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு எங்களிடம் ஒன்றும் சொல்லாமல், அந்த வாரம் போனில் புறா எப்படி இருக்கிறது என்று விசாரித்தாய். அது தெரிந்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காரம் அதிகமா என்றாள், ஆமாம் என்றேன்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வருத்தம்தான். நீ ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆனால் நீ வராததைவிட, வராததைப் பற்றி நாம் இருவரும் பூசி மெழுகிப் பேசிக்கொள்கிறோமே, அதுதான் எனக்கு வலிக்கிறது. அதை ஒரு பத்தொன்பது வயதுப் பெண், ஒரு சத்தமும் கேட்காமல், கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். அந்த வரியை நானே தட்டிப் போட்டுவிடலாம், இப்போது அந்த வித்தை எனக்கும் கொஞ்சம் வரும். போடப் போவதில்லை. கேட்டது நீ, நீதான் எழுத வேண்டும். இந்த முறை பாதுகாப்பு விதிகள் எதையும் சேர்க்காதே, ஒரு சொல்லையும் மாற்றாதே, நான் சொன்னது சொன்னபடி இருக்கட்டும். என் மானம் போகுமே என்று யோசிக்காதே, இருபத்தெட்டு பேரிடம் போனது முப்பத்தொரு பேரிடம் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. நீ எழுதி அனுப்பினால் அவள் கையெழுத்துப் போடுவாள், மூன்று பேரும் லேத்தை விட்டுப் போக வேண்டியதில்லை.

மற்றபடி வேளாவேளைக்குச் சாப்பிடு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார், அக்காவுக்கு அந்த வேலை விஷயமாக ஒரு வார்த்தை எழுது. எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நாலு பேருக்கு உபயோகமாக, நிறைந்த ஆயுளோடு நன்றாக இரு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, மறந்துவிடாதே. அந்த வரியில் நான் சொன்னது தப்பு என்று உனக்குத் தோன்றினால் அதைச் சப்டைட்டிலில் திருத்தக் கூடாது, அங்கே கேட்டதைத்தான் எழுத வேண்டும். அதைத் தப்பாக்க வேறு வழி இருக்கிறது, அதற்கு இரண்டு விமானம் மாறி ஏற வேண்டும்.

இப்படிக்கு,
எப்போதும் தெளிவாகவே பேசுகிற
உன் அம்மா